டால்டனின் பாதி

கோடை கார்டு வருகிற உறையைப் பார்த்தால் யாருக்கும் பிரிக்கத் தோன்றாது. வெறும் வெள்ளை உறை, மூலையில் ஒரு தபால் பெட்டி எண், உள்ளே கெட்டியாக ஏதோ ஒன்று. கடன் கார்டுக்காரன் அனுப்பிய குப்பை என்று பாதிப் பேர் அடுப்பில் போட்டுவிடுவார்கள். அப்புறம் என்னிடம் வந்து, "ஊருக்கெல்லாம் வந்துச்சு, எங்களுக்கு மட்டும் வரல" என்று மூக்கைச் சிந்துவார்கள். பள்ளிக்கூடம் மூடியிருக்கும் மாதங்களில் பிள்ளைகளுக்கு அங்கே கிடைக்கும் மதியச் சாப்பாடு கிடையாது அல்லவா, அதற்கு ஈடாகப் பிள்ளைக்கு நூற்றிருபது டாலர் போட்டு அரசாங்கம் அனுப்புவது அது. அதை ஒரு சிவப்பு உறையில் போட்டு அனுப்பினால் கஜானா காலியாகிவிடுமா என்று வருஷா வருஷம் கேட்கிறேன். யாரிடம் கேட்க, என் கல்லாப்பெட்டியிடம்தான்.

ஸ்பைஸ்வுட் பள்ளத்தாக்கில் இருக்கும் ஒரே கடையில் நான் கல்லாவில் நிற்கிறேன். பெட்ரோல், ரொட்டி, தூண்டில் புழு, நாய்த்தீனி எல்லாம் இங்கேதான். பெரிய கடைக்குப் போக மலையைச் சுற்ற வேண்டும், அதற்கு ஓடுகிற கார் வேண்டும். கல்லாவில் நிற்கிறவளுக்கு யார் வீட்டில் உலை கொதிக்கிறது, யார் வீட்டில் கொதிக்கவில்லை என்று தெரிந்துபோகும். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். எனக்கு அந்த இரண்டாவது மட்டும் வராது.

ரெட்டா அந்த உறையைப் பிரிக்காமலே கொண்டுவந்தாள். ஜூன் மாதம், கடை திறந்த கொஞ்ச நேரத்தில். கல்லா மேல் வைத்துவிட்டு, சுட்டுவிட்டதுபோல் கையை எடுத்துக்கொண்டாள்.

"ஜெனீவாக்கா, இதுல டால்டன் பேரு போட்டிருக்கு."

டால்டன் அவளுடைய மூத்தவன். பதினான்கு வயது. பிப்ரவரியில் மழை விடாமல் கொட்டி ஓடை ஏறிய அன்று, கீழ்ப்பாலத்துக்குப் பக்கத்து வீட்டில் கட்டிக் கிடந்த நாயை அவிழ்த்துவிடப் போனான். நாய் வீடு வந்து சேர்ந்தது.

நானே உறையைப் பிரித்தேன். எங்கள் பக்கம் ஒரு வீட்டுக்கு ஒரே கார்டுதான் வரும், மூத்த பிள்ளையின் பேரில். இந்தத் தடவை பழைய கார்டுகளை மாற்றி எல்லாருக்கும் புதிது அனுப்பியிருந்தார்கள். கீழே எத்தனை பிள்ளைகள் இருந்தாலும் எல்லாருடைய பங்கும் அதிலேயே சேர்ந்து கிடக்கும். அந்த வருஷம் பள்ளிக்கூடத்தில் பேர் இருந்ததா என்று மட்டும்தான் பார்க்கிறார்கள். டால்டன் பேர் இருந்தது. அவன் தங்கை ஐவி பேரும் இருந்தது. அந்தக் கார்டில் இரண்டு பேருடைய பங்கும் இருந்தது.

"திருப்பி அனுப்பிடட்டுமா? யாராச்சும் கேஸ் போட்ருவாங்களா?" என்றாள் ரெட்டா.

"கேஸு போடறவன் மொதல்ல மலை ஏறி வரட்டும். இரு, கேட்டுத்தான் பாப்பமே" என்று கார்டுக்குப் பின்னால் இருந்த எண்ணுக்கு அடித்தேன். அரை மணி நேரம் சங்கீதம் கேட்க வைத்த பிறகு ஒரு பெண் எடுத்தாள். விஷயத்தைச் சொன்னேன். "ரொம்ப வருத்தமா இருக்கும்மா. ஆனா அவரு இந்த வருஷம் படிச்சிட்டிருந்தாரு இல்லையா? அப்ப இது அவருக்குச் சேர வேண்டியதுதான். தாராளமா செலவு பண்ணுங்க" என்றாள். போனை ரெட்டாவுக்கும் கேட்கும்படி நடுவில் பிடித்திருந்தேன். அந்தப் பெண் நல்ல மனசோடுதான் சொன்னாள். ஆனால் 'அவருக்குச் சேர வேண்டியது' என்ற சொல்தான் ரெட்டாவின் மனசில் போய் உட்கார்ந்துகொண்டது. அன்றைக்கு எனக்கு அது தெரியாது.

கார்டுக்கு நாலு இலக்க ரகசிய எண் வைக்க வேண்டும். அதற்குப் போனில் ஒரு மெஷின் குரல், கார்டில் பேர் இருக்கும் பிள்ளையின் பிறந்த தேதியை அழுத்தச் சொல்லும். ரெட்டா போனை வாங்கினாள், விரலை எண்களுக்கு மேலே வைத்துக்கொண்டு நின்றாள். மெஷின் இரண்டாம் தடவை கேட்டது. மூன்றாம் தடவையும் கேட்டது, அதே தேன் குரலில்.

"நீங்க அழுத்துங்கக்கா. நான் சொல்றேன்."

சொன்னாள். மாதம், தேதி, வருஷம். அவள் சொல்லச் சொல்ல நான் அழுத்தினேன். பிள்ளை பெற்றவளிடம் பிள்ளை பிறந்த நாளைக் கேட்பது ஒரு குற்றமா என்ன? இல்லைதான். ஆனாலும் அந்த மெஷின் என் கையில் கிடைத்திருந்தால் ஓடையில் வீசியிருப்பேன்.

ரெட்டாவின் நிலைமையையும் சொல்லிவிட வேண்டும். புருஷன் வேலைக்கென்று ஒஹாயோ போனவன், ஒஹாயோவிலேயே வேறு குடும்பம் பார்த்துக்கொண்டான். அடக்கத்துக்கு வந்தான், சாயங்காலமே கிளம்பிவிட்டான். இவள் டவுனில் முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தாள். மகன் போனபிறகு எழுந்திருக்க முடியாமல் கிடந்ததில் அந்த வேலை போய்விட்டது. எப்போதும் வந்துகொண்டிருந்த அரசாங்க உணவு உதவியைப் புதுப்பிக்க ஆபீஸில் கூப்பிட்ட நாளில் அவள் போகவில்லை, அதுவும் நின்றுவிட்டது. இழவு வீட்டுக்கு எங்கள் ஊர் நன்றாகத்தான் செய்யும். கோழியும் உருளைக்கிழங்கும் மூடி போட்ட தட்டுகளில் வந்து குவியும். ஆனால் தட்டுகளைத் திருப்பிக் கொடுத்து முடித்தபிறகும் யாராவது சாப்பாடு கொண்டுவந்தால் அதற்குப் பேர் வேறு. அதைப் பிச்சை என்பார்கள். ரெட்டா பிச்சை வாங்குகிற ரகம் இல்லை. வாங்கினால்தான் என்ன என்று நான் கேட்டால் என் பக்கம் திரும்பக்கூட மாட்டாள்.

ஜூன் மாதம் பரவாயில்லாமல் போனது. ரெட்டா வாரத்துக்கு ஒரு தடவை வருவாள். முட்டை, பால், ரொட்டி, பீன்ஸ். ஐவி கூடவே வருவாள். ஒன்பது வயது, முழங்கால் இரண்டும் எலும்பாக, அண்ணனுடைய பழைய தொப்பியைக் கண் வரை இழுத்துவிட்டுக்கொண்டு.

அந்தப் பிள்ளைகள் இரண்டும் என் கடை வாசல் பெஞ்சில் உட்கார்ந்து தின்றதை நான் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். நடுவில் கிரீம் வைத்த ஓட்ஸ் கேக் ஒன்று வாங்குவார்கள், எப்போதும் ஒன்றுதான். டால்டன் பேனாக்கத்தியை எடுத்து அதை இரண்டாக வெட்டுவான். அவர்களுக்குள் ஒரு சட்டம் இருந்தது: ஒருத்தர் வெட்டினால் இன்னொருத்தர் எடுக்க வேண்டும். வெட்டினவர் எடுக்கக் கூடாது. எப்போதும் அவன்தான் வெட்டுவான். அவ்வளவு பெரிய பையன், நாக்கைப் பல்லில் கடித்துக்கொண்டு கத்தியை இறக்குவான். ஐவி குனிந்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்து, தொட்டுவிட்டு விட்டு, ஒரு யுகம் கழித்து ஒன்றை எடுப்பாள். காபி மெஷினுக்குப் பக்கத்து நாற்காலியிலிருந்து ஹோபர்ட் கத்துவான்: "அடியே, சீக்கிரம் எடு. உங்கண்ணனுக்கு மீசை மொளைச்சிரும்."

ஹோபர்ட் சுரங்கத்தில் நுரையீரலை விட்டுவிட்டு வந்தவன். மனைவி இல்லை, வேலை இல்லை, மூச்சும் பாதிதான் இருக்கிறது. வாய் மட்டும் முழுசாக இருக்கிறது. காலையில் வந்தால் மதியம் வரை அந்த நாற்காலிதான். அவன் கெட்டவன் இல்லை. வெறும் வாய் மென்றுகொண்டிருப்பவனுக்கு எதுவும் அவல்தான், அவ்வளவே.

ஜூலை ஆரம்பத்தில் ஒரு நாள், யாரோ ஒருவன் பெட்ரோல் போட வந்து அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டிருந்தான். ஹோபர்ட்டுக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"அட, அவங்கள வுடுப்பா. உசிரோட இருக்கறவன் யாரு, செத்தவன் யாருன்னே அவங்களுக்குத் தெரியாது. என் நுரையீரலுக்குக் காசு கேட்டா, நீ நல்லாத்தான இருக்கேங்கறான். அங்க மேட்டுக் கல்லறையில படுத்திருக்கற பையனுக்கு மத்தியானச் சாப்பாடு அனுப்பறான்."

அரசாங்கத்தைத்தான் சொன்னான். ரெட்டாவைச் சொல்லவில்லை. ஆனால் ரெட்டா ரொட்டி அலமாரிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். கையில் எடுத்த ரொட்டியைத் திரும்ப வைத்துவிட்டு, ஐவியின் தோளைப் பிடித்துக்கொண்டு, எங்கள் எல்லாரையும் தாண்டி வெளியே போனாள். ஹோபர்ட்டின் முகம் காபித்தூள் மாதிரி கறுத்துவிட்டது.

"எனக்கு எப்படித் தெரியும் ஜெனீவா, அவ அங்க நிக்கறான்னு."

"வாயத் தொறக்கறதுக்கு முன்ன தலையத் திருப்பி ஒரு தடவ பாத்தா கழுத்தா சுளுக்கிக்கும் உனக்கு?" என்றேன். வேறு என்ன சொல்ல. கொட்டிய சொல்லை அள்ள முடியாது.

அடுத்த வாரம் ரெட்டா வந்தாள். ஹோபர்ட் இல்லாத நேரம் பார்த்து வந்தாள். சாமான்களைக் கல்லா மேல் வைத்துக்கொண்டே, "இதுவரைக்கும் எவ்வளவு எடுத்திருக்கேன்?" என்று கேட்டாள். பார்த்துச் சொன்னேன். ஒரு பீன்ஸ் டப்பாவை எடுத்து ஓரமாக வைத்தாள். மிச்சத்துக்கு மட்டும் கார்டைத் தேய்த்தாள். சீட்டு வந்ததும் கார்டில் மீதி இருக்கும் தொகையைப் படித்தாள், மடித்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

"இத்தோட ஐவி பாதி தீந்துருச்சு" என்றாள்.

"மிச்சம் அப்படியே கெடக்குதேம்மா."

"அது அவன் பாதி."

எனக்கு முதலில் புரியவில்லை. புரிவதற்குள் அவள் போய்விட்டாள்.

அந்த ஜூலையும் ஆகஸ்டும் எப்படிப் போயின என்று நினைத்தால் இப்போதும் எனக்கு மனசு ஆறவில்லை. பள்ளிக்கூடத்து பஸ் ஒன்று கோடையில் மதியச் சாப்பாடு கொண்டுவரும், பிள்ளைகள் வரிசையில் நின்று வாங்கித் தின்னலாம். ஆனால் அது நிற்குமிடம் கீழ்ப்பாலம். ஐவியை அந்தப் பாலத்துக்கு விடுவாளா ரெட்டா? ஓடையில் முழங்கால் தண்ணீர்கூட இல்லாத வெயில் காலத்திலும் விடமாட்டாள். நானே போய் வாங்கிவரலாம் என்று பார்த்தால், பிள்ளை அங்கே வந்து உட்கார்ந்துதான் தின்ன வேண்டுமாம். சட்டம்.

ஐவி சில நாள் கடைக்கு வருவாள். ஒன்றும் வாங்க மாட்டாள். அலமாரி அலமாரியாகப் பார்த்துக்கொண்டே நடப்பாள். ஒரு தடவை பிஸ்கட் பாக்கெட்டை நீட்டினேன்.

"இது ஒடைஞ்சு போச்சு கண்ணு, விக்க முடியாது. எடுத்துக்க."

பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஒடையலையே, மிஸ் ஜெனீவா."

"உள்ள ஒடைஞ்சிருக்கு."

"அம்மா வாங்கக் கூடாதுன்னு சொல்லிருக்காங்க" என்று கல்லா மேலேயே வைத்துவிட்டாள். அந்தப் பாக்கெட்டை நான் என்ன செய்ய? அவள் போனதும் கையில் வைத்து நொறுக்கினேன். அதற்கப்புறம் உண்மையிலேயே விற்க முடியவில்லை.

ஆகஸ்ட் நடுவில் பள்ளிக்கூடம் திறந்தது. காலையும் மதியமும் அங்கே வயிறு நிறையும் என்று நான் மூச்சு விட்டேன். ரெட்டாவுக்கும் டவுனில் வாரத்தில் இரண்டு நாள் துணி வெளுக்கும் கடையில் வேலை கிடைத்தது, ராத்திரிச் சாப்பாட்டுக்கு அது போதாது. ஆனால் கோடை கார்டில் ஒரு விஷயம் உண்டு. போட்ட காசு நாலு மாதம்தான் இருக்கும். அதற்குள் செலவு செய்யாவிட்டால் அரசாங்கமே திரும்ப எடுத்துக்கொள்ளும். அக்டோபர் பிறந்ததும் நான் கடைக் கதவில் எழுதி ஒட்டினேன்: வியாழக்கிழமையோடு கோடை கார்டு காசு போய்விடும். அந்த வியாழக்கிழமை பார்த்து இலையுதிர்கால விடுமுறை வேறு. வாரம் முழுக்கப் பள்ளிக்கூடம் கிடையாது. பள்ளிக்கூடம் இல்லாவிட்டால் சாப்பாடும் இல்லை.

நான் ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து நேராக ரெட்டா வீட்டுக்குப் போனேன். அடுக்களையில் உட்கார வைத்தாள். காபி கொடுத்தாள், பால் இல்லாமல். மேசை மேல் பைபிள் இருந்தது, அதற்குள்ளிருந்து கார்டின் முனை நீட்டிக்கொண்டிருந்தது. கூடத்தில் ஐவி டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். டிவி சத்தம் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது, அதனால் எங்கள் பேச்சைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள் என்று இப்போது தெரிகிறது.

"வியாழக்கெழமையோட போயிரும் ரெட்டா. உன் காலப் புடிச்சுக் கேக்கறேன், போய் ஏதாச்சும் வாங்கு."

"போகட்டும்."

"போகட்டும்னா? யாருக்குப் போகுது? அவனுக்கா போகுது? கவர்மெண்டு எடுத்துக்கும்டி."

"எடுத்துக்கட்டும்க்கா. ஓடை எடுத்துக்கிச்சு, அவங்களும் எடுத்துக்கட்டும். நான் எடுத்துத் தின்னு தீத்தேன்னு இருக்கக் கூடாது."

"ஹோபர்ட்டு சொன்னதையா இன்னும் நெனச்சிட்டிருக்கே? அவன் ஒரு ஓட்டவாயி."

"அவரு சொன்னதுல பொய்யி என்ன இருக்கு?" ரெட்டா கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "அவன் பேருல வேற எதுவும் வரப்போறதில்லக்கா. ஸ்கூல்லருந்து வராது. டாக்டர்கிட்டருந்து வராது. இது ஒண்ணுதான் வந்துச்சு. இதுல அவனுக்குன்னு இன்னும் கொஞ்சம் இருக்கு. தெனம் காலையில அதான் நெனச்சுக்குவேன். அவனுக்குன்னு இன்னும் கொஞ்சம் இருக்கு."

நான் வாயாடிதான். ஊரே சொல்லும். அன்றைக்குக் காபியை மட்டும் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

வியாழக்கிழமை காலை கடைக் கதவின் மணி அடித்தது. ஐவி தனியாக வந்தாள். தொப்பியைக் கண் வரை இழுத்து விட்டிருந்தாள். ஒரு கூடையை எடுத்துக்கொண்டு நேராக உள்ளே போனாள், இந்தத் தடவை அலமாரி பார்க்கவில்லை, எடுத்தாள். ரொட்டி. சாண்ட்விச்சுக்கு வைக்கிற இறைச்சித் துண்டுகள். மக்ரோனி டப்பாக்கள். நிலக்கடலை வெண்ணெய். ஆப்பிள் ஒரு பை. கடைசியாக ஓட்ஸ் கேக் ஒரு பெட்டி. கல்லா மேல் எல்லாவற்றையும் வைத்துவிட்டுக் கார்டை நீட்டினாள்.

ஹோபர்ட் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். நான் அவனைப் பார்த்த பார்வையில் திரும்பச் சாய்ந்துகொண்டான்.

"அம்மாவுக்குத் தெரியுமா கண்ணு?"

"தூங்கறாங்க."

"நம்பரு?"

"அவங்க அழுத்தறப்ப பாத்திருக்கேன்."

ஒன்பது வயதுப் பிள்ளை கொண்டுவரும் கார்டைத் தேய்க்கலாமா கூடாதா என்று ஒரு கணம் யோசித்தேன். ஒரே கணம்தான். அவள் கழுத்தெலும்பைப் பார்த்தேன், தேய்த்தேன். பைகளைத் தூக்கிக்கொண்டு அவள் தன் வீட்டுக்குப் போகும் மேட்டுப் பாதையில் ஏறுவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இரண்டு கையிலும் பை. வழியில் நிற்கவில்லை, எதையும் பிரித்துத் தின்னவில்லை. பசித்த பிள்ளை அதைக்கூடச் செய்யாதது எனக்கு நெஞ்சை அறுத்தது.

ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. கதவு திறந்தது. ரெட்டா, தலை கலைந்து, காலில் வீட்டுச் செருப்போடு. ஒரு கையில் ஐவியின் மணிக்கட்டு, இன்னொரு கையில் பைகள். ஒன்றும் பிரிக்கப்படவில்லை. பைகளைக் கல்லா மேல் வைத்தாள்.

"திருப்பி எடுத்துக்கங்கக்கா. அவன் காச அவன் கார்டுலயே திருப்பிப் போடுங்க."

திருப்பி எடுத்தால் காசு கார்டுக்குப் போகும், முடியும். பொத்தானை அழுத்த ஒரு நிமிஷம் ஆகாது. நள்ளிரவில் அது இல்லாமல் போகும்.

"இன்னைக்கோட போயிரும்னு தெரிஞ்சுதான் சொல்றியா?"

"தெரிஞ்சுதான்."

"நான் செய்ய மாட்டேன் ரெட்டா."

"உங்க கடையா இது? செய்யுங்க." அவள் குரல் முதல் தடவையாக உயர்ந்தது. "என் புள்ள பங்கு அது. ஊரு கேக்கறதுக்கு முன்ன நானே கேக்கறேன், என் புள்ள பங்க நானே தின்னா நான் என்ன பொம்பள?"

"அம்மா" என்றாள் ஐவி.

"நீ பேசாத. உன் பாதிய உனக்குக் குடுத்துட்டேன். திருடிட்டு வந்திருக்கே, அதுவும் அவன்கிட்டருந்து."

ஐவி தொப்பியைக் கழற்றினாள். அழவில்லை. அவள் முகத்தில் இருந்தது நியாயம் கேட்கிற பிள்ளையின் கோபம்.

"நான் திருடல. நீங்க தப்பா பிரிச்சீங்க."

"என்ன தப்பா பிரிச்சேன்?"

"நீங்களே வெட்டினீங்க, நீங்களே எனக்கு ஒண்ண எடுத்துக் குடுத்துட்டீங்க. அப்படிப் பண்ணக் கூடாது. ஒருத்தர் வெட்டணும், இன்னொருத்தர் எடுக்கணும். அண்ணா எப்பவும் என்னைத்தான் எடுக்க விடுவான். நான் இன்னும் எடுக்கவே இல்ல." அவள் பைகளின் மேல் கையை வைத்தாள். "எனக்கு இந்தப் பாதிதான் வேணும். அவன் இருந்திருந்தா எடுத்துக்கன்னுதான் சொல்லிருப்பான். எனக்குப் பசிக்குதும்மா. ஜூலைலருந்து பசிக்குது."

ரெட்டா மகளைப் பார்த்தாள். பிப்ரவரிக்கு அப்புறம் அவள் அந்தப் பெண்ணை நேராகப் பார்த்தது அன்றைக்குத்தான் என்று நான் நினைக்கிறேன். கழுத்தைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள், இன்னமும் தான் பிடித்துக்கொண்டிருந்த அந்த மணிக்கட்டைப் பார்த்தாள். விரல்களை விட்டாள். நாய்த்தீனி மூட்டை ஒன்று கீழே கிடந்தது, அதன் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னும் எவ்வளவு இருக்கு அதுல?" என்று கேட்டாள்.

சொன்னேன்.

அவள் எழுந்தாள். கூடையை எடுத்தாள். இருவரும் அலமாரிகளுக்கு நடுவில் நடந்தார்கள். ரெட்டா முட்டை எடுத்தாள், சீஸ் எடுத்தாள், பன்றி இறைச்சி எடுத்தாள், உருளைக்கிழங்கு எடுத்தாள். கொக்கோ பவுடருக்கு முன்னால் நின்றாள். டால்டனுக்கு அது உயிர், கோடையிலும் சூடாகக் குடிப்பான். அதையும் கூடையில் வைத்தாள். கடைசியில் சில்லறை மிஞ்சியதற்கு ஐவி ஓடிப்போய் இரண்டு வாழைப்பழம் கொண்டுவந்தாள். நாலு எண்ணையும் ரெட்டாவே அழுத்தினாள்.

சீட்டு வந்தது. அவள் படித்தாள். "அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் ரெட்டா. தீந்துருச்சு."

அப்புறம் நான் ஒரு காரியம் செய்தேன். வேண்டுமென்று செய்யவில்லை. கோடை கார்டைக் காலி செய்கிற ஒவ்வொருவரிடமும் நான் சொல்கிற ஒரு வாக்கியம் இருக்கிறது. வருஷக்கணக்காகச் சொல்லி நாக்கு பழகிவிட்டது. கார்டை அவளிடம் நீட்டியபோது அதுவே வந்துவிட்டது:

"கார்டத் தூக்கிப் போட்றாதீங்க, அடுத்த வருஷமும் இதுலதான்—"

மிச்சத்தை விழுங்கினேன். அடுத்த வருஷம் வேறு உறை வரும், வேறு கார்டு வரும், அதில் ஐவியின் பேர் இருக்கும். மூத்த பிள்ளை அவள்தான் இனிமேல்.

ரெட்டாவுக்கும் அது புரிந்தது. கார்டில் பொறித்திருந்த பேரைக் கட்டைவிரலால் ஒரு தடவை தடவினாள். பிறகு வாய்விட்டு அழுதாள். அடக்கத்தன்று அழாதவள், சவப்பெட்டியைக் கீழே இறக்கும்போது மரம் மாதிரி நின்றவள், என் கல்லாவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் சுற்றிவந்து பிடித்துக்கொண்டேன். எனக்கும் நிற்கவில்லை.

ஐவி எங்களை விட்டுவிட்டு ஹோபர்ட்டிடம் போனாள்.

"கத்தி இருக்கா, மிஸ்டர் ஹோபர்ட்?"

அவன் சட்டைப்பையிலிருந்து பேனாக்கத்தியை எடுத்து, மடிப்பைத் திறந்து, பிடியை அவள் பக்கம் திருப்பி நீட்டினான். அவள் கேக் பெட்டியைப் பிரித்து ஒன்றை எடுத்தாள், கல்லா மேல் வைத்தாள். நாக்கைப் பல்லில் கடித்துக்கொண்டு, மெதுவாகக் கத்தியை இறக்கினாள். கிரீம் கொஞ்சம் பிதுங்கியது. இரண்டு பாதியையும் இரண்டு உள்ளங்கையில் வைத்து அம்மாவின் முன்னால் நீட்டினாள்.

"நீங்க எடுங்கம்மா. வெட்டினவங்க எடுக்கக் கூடாது."

ரெட்டா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குனிந்தாள். இந்தக் கையைப் பார்த்தாள், அந்தக் கையைப் பார்த்தாள். ஒன்றைத் தொட்டாள், எடுக்கவில்லை. திரும்பவும் பார்த்தாள். ஜூலையிலிருந்து பசித்திருந்த பிள்ளை கையை அசைக்காமல் நீட்டிக்கொண்டே நின்றது. யாரும் ரெட்டாவை அவசரப்படுத்தவில்லை. ஹோபர்ட்கூட ஒன்றும் சொல்லவில்லை.